கழற்ற முடியாத அலமாரி

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய வண்டி காலியாகத் திரும்பியதற்கு நான் காரணம் இல்லை. உங்கள் தேக்கு அலமாரி வாசல் வழியாகப் போகாது.

தச்சரை இந்த அறைக்குள்ளேயே இருபது நாள் வைத்துச் செய்தீர்கள். கழற்றிப் பூட்டுகிற மாதிரி செய்யட்டுமா என்று அவர் கேட்டார். "கழட்டி எங்க கொண்டு போகப் போறோம்? ஸ்க்ரூவே வேண்டாம், பசை வச்சு இறுக்கிடுங்க. பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிக்கணும்" என்றீர்கள். நான் வாங்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்து, "ஆறு மாசம் தாங்காது" என்று சிரித்தீர்கள்.

வந்த ஆட்கள் படுக்கவைத்தும் சாய்த்தும் பார்த்தார்கள். "அறுத்தாத்தான் போகும்கா" என்றார்கள். வேண்டாம் என்றேன். அந்த வேலையெல்லாம் உங்களுக்குத்தான் கைவந்தது.

ஒன்றாம் தேதி நானும் பிள்ளைகளும் வீட்டைக் காலி செய்கிறோம். சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும். ரம்பத்தோடு நீங்களே வாருங்கள். உங்கள் புது வீட்டில் அதற்கு இடமெல்லாம் ஒழித்து வைத்திருக்கிறார்களாமே, ஆட்கள் சொன்னார்கள்.

அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பதினோரு வருடமாகியும் கால் வளையவில்லை. அது என்னோடு ஆட்டோவில் வந்துவிடும்.

இப்படிக்கு,
பேரப்பிள்ளை காலம் வரைக்கும் என்றதை நம்பியவள்