நாற்பது நாளில் தேற்றிய உடம்பு

அப்பா,

பள்ளிக்கூடத்துத் தரையில் விரிப்பதற்காக இன்று காலை நான்கு கோணிச் சாக்குகள் வந்தன. பிள்ளைகளுக்குத் தினமும் கால் மணி நேரம் உடற்பயிற்சி சொல்லித்தர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. வெறும் சிமெண்டில் படுத்தால் குளிர் ஏறும் என்று தலைமையாசிரியர் அனுப்பியவை அவை. மழையில் கிடந்து நனைந்திருந்தன. உதறி விரித்தபோது ஈரச் சணலின் வாடை மேலே எழுந்தது. நம் வீட்டில் நீங்கள் குப்புறப் படுத்திருந்த சாக்கின் வாடை. பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, பனி இறங்கும் சரிவைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன்.

ஜப்பான்காரர்கள் மலைக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த சமயம் அது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எப்போதோ கீழே ஓடிவிட்டார். தேயிலையை வாங்க ஆளில்லாமல் செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன. சரிவுகளில் மரவள்ளி நட்டு அதைத் தின்றுகொண்டிருந்தோம். அம்மா போன பிறகு அந்த ஓர் அறையில் நீங்களும் நானும்தான். கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்த நாளிலிருந்து நீங்கள் வலப்பக்கம் சாய்ந்தே நடந்தீர்கள். வரிசை வீட்டு லயத்துப் பிள்ளைகள் உங்கள் பின்னால் அதேபோலச் சாய்ந்து நடந்து காட்டுவார்கள். நீங்கள் கோபித்துக்கொண்டதில்லை. "சரியா வரலடா, இன்னுங் கொஞ்சம் சாயணும்" என்று திருத்துவீர்கள்.

சயாமில் ரயில் பாதை போட முதல் தடவை ஆள் கேட்டபோது நம் தோட்டத்திலிருந்து ஏழு பேர் போனார்கள். பொறுக்கியது கங்காணி. குடிகாரர் ஒருவர், இருமல்காரர்கள் இரண்டு பேர், வயதானவர்கள் மூன்று பேர், கங்காணியை எதிர்த்துப் பேசிய ஒருவர். போனவர்களிடமிருந்து ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை. அடுத்தது பன்னிரண்டு பேர் என்று குழாயடியில் வைத்துக் கங்காணிதான் சொன்னார்.

"நல்ல ஆள அனுப்பிட்டு நான் யார வெச்சிக்கிட்டுத் தோட்டத்தப் பாக்குறது? வேலைக்கு ஆவாதவன்தான் போவான்" என்றவர், உங்கள் பக்கம் திரும்பி, "ஒன் முதுகு எப்பிடிய்யா இருக்கு?" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். நான் பாதி நிரம்பிய குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

துரையின் பங்களாவைக் கூட்டப் போனபோது நான் கூடையில் மறைத்துக் கொண்டுவந்த ஆங்கிலப் புத்தகங்களில் ஒன்று உடற்பயிற்சிப் புத்தகம். படங்கள் பார்ப்பதற்கென்றே எடுத்திருந்தேன். அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, என் அரைகுறை ஆங்கிலத்தில் அதை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வலிக்கும் முதுகை நேரே தொடக்கூடாதாம். வயிற்றையும் இடுப்பையும் கெட்டிப்படுத்தினால் முதுகு தானே நிமிருமாம். மறுநாள் விடியும் முன் சாக்கை விரித்து உங்களை எழுப்பினேன்.

மீசை முறுக்கி, இறுக்கமான அரைக்கால் சட்டையோடு நின்ற வெள்ளைக்காரனின் படத்தை நீங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள். "இவனுக்கு யாரு தாயி சோறு போடுறது?" என்றீர்கள்.

முதல் வாரம் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி இறக்கினீர்கள். பத்துக்கே மூச்சு வாங்கியது. பிறகு கையையும் முழங்காலையும் ஊன்றி, ஒரு கையை முன்னாலும் எதிர்ப்பக்கத்துக் காலைப் பின்னாலும் நீட்ட வேண்டும். "நாய் ஒண்ணுக்குப் போற மாதிரி இருக்கு. யாராச்சும் பாத்தா மானம் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே நீட்டுவீர்கள். அதற்கப்புறம் குப்புறப் படுத்து, முழங்கையும் கால்விரலும் மட்டும் தரையில் பட, உடம்பைப் பலகைபோல வைத்துக்கொள்வது. அதுதான் உங்களுக்குப் பிடிக்காதது. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். பதினைந்தில் உங்கள் கை நடுங்கும். "வேகமா எண்ணு புள்ள" என்பீர்கள். நான் வேண்டுமென்றே மெதுவாக எண்ணுவேன்.

பாரம் தூக்கப் பழக அம்மிக்கல்தான் கிடைத்தது. இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குந்து, கல்லை வயிற்றோடு அணைத்துக்கொள், மூச்சை விட்டுக்கொண்டே எழு என்று புத்தகம் சொன்னதை நான் சொன்னேன். ரேஷனில் வந்த அரிசியை உங்கள் தட்டில் வைத்துவிட்டு, நான் முன்பே சாப்பிட்டுவிட்டேன் என்பேன். நீங்கள் நம்பினீர்களா என்று தெரியாது. முப்பதாம் நாள் அறுபது எண்ணும்வரை அசையாமல் இருந்தீர்கள். தண்ணீர் எடுக்கப் போனபோது உங்கள் தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். "என்னா தாத்தா, நேரா நடக்குறீங்க?" என்று பிள்ளைகள் ஏமாற்றத்தோடு கேட்டார்கள்.

மெல்லிய பலகைச் சுவர்தானே. அடுத்த வீட்டு அஞ்சலை அக்காவுக்கு நான் எண்ணுவது கேட்டிருக்கிறது. ஒருநாள் மரவள்ளி பிடுங்கும்போது என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் சொல்லிக் குடேன் புள்ள. கால் புண்ணு ஆறிப்போச்சு, ஆனா தெம்பே இல்ல. கங்காணி அவரையே பாக்குறான்."

அவள் புருஷன் முனியண்ணன் தேறினால் பன்னிரண்டில் ஓர் இடம் காலியாகும். அந்த இடத்துக்கு வேறு யாரையாவது தேடுவார்கள். கிழங்கிலிருந்து மண்ணைத் தட்டும் நேரத்துக்குள் நான் இவ்வளவையும் யோசித்துவிட்டேன்.

"அது முதுகுக்கு மட்டுந்தாங்கா. கால் புண்ணுக்காரங்க செஞ்சா திரும்பவும் சீழ் வெச்சிரும்னு போட்டிருக்கு" என்றேன். அப்படி எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

ஆள் எடுக்கும் நாள் வந்தது. தொழிற்சாலை முற்றத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். இந்த முறை கங்காணி வாயே திறக்கவில்லை. ஜப்பான் அதிகாரி ஒருவனும், அவன் பேச்சைத் தமிழில் சொல்ல கீழே ஈப்போ நகரத்திலிருந்து வந்த ஆளும் நின்றார்கள். ஒரு தேயிலைப் பெட்டியில் மண் நிரப்பி வைத்திருந்தது. அதைத் தூக்கி எடைமேடை வரை போய்த் திரும்ப வேண்டும். பிறகு பத்து முறை குந்தி எழ வேண்டும். முடியாதவர்களை இடப்பக்கமும் முடிந்தவர்களை வலப்பக்கமும் அனுப்பினார்கள்.

முனியண்ணன் நாலாவது அடியில் பெட்டியோடு முழங்காலில் விழுந்தார். அதிகாரி கையால் இடப்பக்கம் தள்ளினான். அஞ்சலை அக்கா மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, எங்கூட்டு வெளக்க அணைக்கிறானே" என்று அலறினாள். நான் அவளிடம் போகவில்லை. இடப்பக்கத்தில் எத்தனை பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று.

உங்கள் முறை வந்தது. முழங்காலை மடக்கினீர்கள். பெட்டியை வயிற்றோடு அணைத்தீர்கள். உங்கள் வாய் குவிந்து மூச்சை விட்டதை நான் பார்த்தேன். போய்த் திரும்பி, பெட்டியைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தீர்கள். குந்தி எழச் சொன்னபோது பத்துக்கு மேல் இரண்டு சேர்த்துச் செய்தீர்கள். அதிகாரி உங்கள் புஜத்தைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தான். வலப்பக்கம் போய் நின்று, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, இடுப்பில் கையால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினீர்கள்.

அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் அப்பா. பக்கத்தில் ஒருத்தி மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

வரிசை முடிந்ததும் ஈப்போக்காரர் இடப்பக்கம் கையைக் காட்டி, "இவங்கல்லாம் வீட்டுக்குப் போலாம்" என்றார். "அந்தப் பக்கம் நிக்கிறவங்கள்ல முன்னால நிக்கிற பன்னெண்டு பேரு லோரியில ஏறுங்க. துணிமணிய வீட்டாளுங்க கொண்டாரட்டும்."

யாருக்கும் புரியவில்லை. அஞ்சலை அக்காவின் அழுகை பாதியில் நின்றது. நான் கங்காணியிடம் ஓடினேன். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். "போன தடவ அனுப்புனது எல்லாம் போய்ச் சேர்றதுக்குள்ளயே செத்துப் போச்சாம். இந்தத் தடவ தெம்பான ஆளுதான் வேணுமாம். எனக்கே விடிஞ்சப்புறந்தான் தெரியும்மா."

உங்கள் சட்டையையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு வந்தபோது நீங்கள் லோரியில் ஏறியிருந்தீர்கள். அவற்றை மேலே நீட்டினேன். நீங்கள் குனிந்து என் தலையில் கை வைத்தீர்கள். "பரவால்ல தாயி. இப்பத்தான் முதுகு வலி இல்லியே. தாங்கிருவேன்."

தாங்கத்தான் செய்தீர்கள். சண்டை முடிந்து அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்: "ஒங்கப்பா லேசுல விழல தாயி. எங்க கூட்டத்துல பாதிப் பேரு மொத மழைக்காலத்துலயே போயிட்டாங்க. அவரு ரெண்டு மழை பாத்தாரு. முடியாதவன் பங்குக் கட்டையையும் சேத்துத் தூக்குவாரு. நல்ல ஒடம்பும்மா அது."

முதல் மழைக்கும் இரண்டாவது மழைக்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கும் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அந்த நாட்களை உங்களுக்குக் கொடுத்தது நான்தான். நீங்கள் அதற்காக என்னைத் திட்டியிருப்பீர்களா, வாழ்த்தியிருப்பீர்களா என்பதை எத்தனை புத்தகம் படித்தும் என்னால் தெரிந்துகொள்ள முடியவில்லை.

இன்று திரும்பி உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். குப்புறப் படுத்து உடம்பைத் தாங்கச் சொல்லி, இருபது வந்ததும் எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டேன். "இன்னும் முடியும் டீச்சர்" என்றான் ஒருவன். போதும் என்றேன்.

முனியண்ணன் நன்றாக இருக்கிறார். போன வருஷம் அவர்களுக்குப் பெண் பிறந்தது. அஞ்சலை அக்கா குழந்தையை என் மடியில் போடும்போதெல்லாம் அதையேதான் சொல்கிறாள். "நீ அன்னிக்கு வேணாம்னு சொன்னதாலதான் புள்ள இவரு எனக்கு இருக்காரு. படிச்சவ, ஒனக்கு மனசுல பட்டிருக்கு பாரேன்." நான் மறுத்ததில்லை. மறுத்தால் காரணம் கேட்பாள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொள்ளும். 

உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும். இருபதாம் நாளோ என்னவோ, வியர்வையைத் துடைத்துக்கொண்டே நீங்கள் கேட்டீர்கள்: "பக்கத்து வீட்டு முனியனையும் கூப்புடேன். ரெண்டு பேராச் செஞ்சா சிரிச்சிக்கிட்டே செய்யலாம்ல?" கூப்பிட்டேன், அவருக்கு வெட்கமாம் என்றேன். "அவன் கெடக்கான் கூச்சக்காரப் பய" என்று நீங்கள் சிரித்துவிட்டு மறுபடி படுத்தீர்கள்.

அவர் வெட்கப்படவில்லை அப்பா. நான் கூப்பிடவே இல்லை.