பேர் வெட்டிய புட்டுக்குழல்

போன வாரம் விமான நிலையத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, என் பனியன் மூன்றும் ஒரு புட்டுக்குழலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெங்களூரில் இருக்கும் மகளுக்காகக் கொண்டுபோன குழல். பையில் இடம் போதாது என்று என் வீட்டுக்காரி, உன் மதினி, பனியன்களைச் சுருட்டி அதற்குள் திணித்திருந்தாள். கடைசியாக வந்ததில் ஓட்டை வேறு.

எக்ஸ்ரே மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. திரையை ஒரு பார்வை பார்த்தாள். "புட்டுக்குற்றியாணு. அகத்து எந்தோ உண்டு, நோக்கிக்கோ" என்றாள், உள்ளே இருப்பதைப் பார்க்கச் சொல்லி, சோதனைக்கு நின்ற பையனிடம். அவன் என் பையைத் தூக்கிப் பிடித்து "இது ஆருடெ பேகா?" என்று மூன்று தடவை கேட்டான். நான் விமானப் பலகையில் நேரம் பார்ப்பவன்போல நின்றேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊரான் பெட்டியைத் துழாவிப் பிழைத்தவன், என் பையை என் பை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மூன்றாவது தடவைதான் கையைத் தூக்கினேன்.

பனியனை மடிக்கும்போது உன் நினைப்புதான். நீ அங்கே இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். மெதுவாகவே வாசி.

வெலிங்டன் தீவில் நாம் வேலை பார்த்த சரக்குக் கிடங்கு ஞாபகம் இருக்கிறதா என்று உன்னைக் கேட்பது பைத்தியக்காரத்தனம். கல்ஃபுக்குப் போகும் பெட்டிகள் எல்லாம் அங்கிருந்த எக்ஸ்ரே மெஷினுக்குள் புகுந்துதான் போகும். பத்தாம் வகுப்பை இங்கிலீஷிடம் தோற்று, மூட்டை தூக்கி, முதுகு போனபிறகு மெஷினுக்கு வந்தவன் நான். நீ துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்தாய். முதல் நாள் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னாய்: "அண்ணே, எங்க வீட்ல உக்காந்து வேல பாக்குற மொத ஆளு நாந்தான். மத்தவங்க எல்லாம் குனிஞ்சே கெழடானவங்க."

உன் கண் சாதாரணக் கண்ணா? மண்ணெண்ணெயை வடிக்காத ஸ்டவ், உப்பேரி டின்னுக்கு அடியில் ஒளித்த, விஷுவுக்கு வெடிக்கும் படக்கம், எதுவும் உன்னைத் தாண்டிப் போனதில்லை. ஊறுகாய்ப் பாட்டிலின் நிழலைப் பார்த்து மாங்காயா நாரங்காயா என்பாய். நான் திறந்து பார்த்துத் தோற்பேன்.

அப்புறம் நமக்குப் பாடமும் தேர்வும் நடத்தக் கம்ப்யூட்டர் வந்தது. ஏசி அறையில் அதை வைத்தார்கள். திரையில் பெட்டிப் படங்கள் ஒவ்வொன்றாக வரும். சில விநாடிக்குள் நல்லதா கெட்டதா என்று அமுக்க வேண்டும். தப்பென்றால் அந்தச் சாமானைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழும். மூன்று தேர்வு, மூன்றிலும் தோற்றால் மெஷினில் உட்கார முடியாது.

முதல் தேர்வில் நீ தலைமுடி உலர்த்தும் கருவியைத் துப்பாக்கி என்றாய். நான் குழாய் வெடிகுண்டைப் புட்டுக்குழல் என்று விட்டுவிட்டேன். பின்னே என்ன? அந்த நிழலைப் பார்த்ததும் எனக்குப் பசி வந்தது. இரண்டு பேரும் தோற்றோம்.

"சிரிக்காதீங்கண்ணே" என்றாய், வீடு திரும்பும் போட்டில். "அந்தப் படத்துல நம்ம ஊர்ப் பெட்டி ஒண்ணாச்சும் உண்டா? பனிக்குப் போடுற பூட்ஸு, மசிரு காய வைக்கிற மெஷினு. கம்ப்யூட்டர் நல்லதுதான். மெஷின்ல நாம எதையாச்சும் விட்டா ஆரு வந்து சொல்றா? இது ஒடனே சொல்லுது. ஆனா மொதல்ல அதுக்கு நம்ம ஊரப் படிப்பிக்கணும்."

படிப்பிக்கலாம் என்று சொன்னவன் நான். மறுநாள் எங்கள் வீட்டுப் புட்டுக்குழலை யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்தேன். உன் மதினி அதைத் தேடி ஊரையே கூட்டினாள். நீ இடியாப்ப நாழியும் தேங்காய் துருவியும் கொண்டுவந்தாய். குழலின் அடியில், கல்யாணச் சீருக்குப் பேர் வெட்டிய புள்ளி எழுத்தை நீ விரலால் தடவி வாசித்தாய். "பே... ச்சி... அட, மதினி பேரு!" சாப்பாட்டு நேரத்தில் குழலில் அரிசிமாவு நிறைத்து, உன் கம்பி வளைந்த குடையோடு சேர்த்துப் பையில் வைத்து, மெஷினுக்குள் அனுப்பினோம். படம் சேமிப்பில் ஏறியது.

அடுத்த வகுப்பில், வடக்கேயிருந்து வந்திருந்த பயிற்சி சாரை மெஷினுக்கு அழைத்துப் போய் அந்தப் படத்தைக் காட்டினாய். "இது என்னா சார்?" அவர் யோசிக்கவே இல்லை. "பைப் பாம்." நீ பையைத் திறந்து குழலை எடுத்து மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாய். கிடங்கே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் விசாரணை. அனுமதி இல்லாத சாமானை மெஷினில் விட்டது யார்? மேஜைமேல் குழல். மேனேஜர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். "இதில் ஆருடெ பேரா?"

அந்த அறையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கு இரண்டாவது தேர்வு பாக்கி, முதுகு போனவன், இனி மூட்டை தூக்க முடியாது என்று என்னென்னவோ மனசுக்குள் ஓடியது.

"என் அம்மைட பேரு சார்" என்றாய். "நாந்தான் கொண்டாந்தேன்."

"மாப்பு எழுதித் தா, மெஷின் சீட்டு உண்டு" என்றார் மேனேஜர். மன்னிப்புக் கடிதத்துக்காக நீட்டிய தாளில் நீ மலையாளத்தில் ஒரே வரி எழுதினாய்: புட்டுக்குழல் புட்டுக்குழல்தான். கையெழுத்தும் போட்டாய்.

உன்னை வாசலுக்குப் போட்டார்கள். நாள் முழுக்க நின்று, வருகிற பெண்களைச் சோதிக்கிற வேலை. நான் இரண்டாவது தேர்வில் ஜெயித்து உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வருஷம் கழித்து இரக்கப்பட்டு வாசலில் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். நீ அதன்மேல் தண்ணீர்ப் பாட்டிலை வைத்தாய். "மெஷின் முன்னாடி போட்டா உக்காருறேன். இங்க நிக்கத்தான் போட்டாங்க, நிக்கிறேன்." கடைசி நாள்வரை நின்றாய். உன்னைப்போல நிமிர்ந்து நின்ற ஆளை அந்தத் தீவில் நான் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரில் புதிய பாடம் வந்த வருஷம், ஊர்ப் பெட்டிகளின் படம் வேண்டும் என்று நம் மெஷினிலிருந்தும் எடுத்துப் போயிருந்தார்கள். புதிய பாடத்துக்கான தேர்வை நான் எழுதும்போது நடுவே அது வந்தது. மாவு நிறைந்த குழல், பக்கத்தில் கம்பி வளைந்த குடை. நேரம் ஓட ஓட, படத்தை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து வந்து உன்னை இழுத்துப் போய்க் காட்டினேன். நின்றபடியே பார்த்தாய்.

"ஆங், இப்பப் படிக்குதுங்க" என்றாய். அவ்வளவுதான். வாசலுக்குப் போய்விட்டாய்.

நம் ஊர் இல்லாத அந்த முதல் தேர்வு தப்பு, நீ சரி. இதை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்: போட்டில், சாயாக் கடையில், ரிட்டயர்மெண்ட் கூட்டத்தில் மைக் பிடித்துக்கூட. விமான நிலையத்துப் பெண் ஒரே பார்வையில் கண்டுபிடித்தாளே, அவளிடமும் உன் கதையை ஆரம்பித்தேன். பின்னால் நின்றவன் நகரச் சொன்னான். ஊரெல்லாம் உன் வீரத்தைப் பேசினேன். பேர் வெட்டிய அந்தக் குழலை மகளிடம் கொடுத்துவிட்டேன். கனம் என்னவோ குறையவில்லை.

அன்று அந்த மேஜைக்கு முன்னால், உன் நாற்காலி போவதற்கு முன்னால், சொல்லவேண்டியிருந்தது ஒரே வரிதான்.

சார், அது என் வீட்டுக் குழல்.