மூன்று டப்பா அரிசி

அரியலூர்
5-11-1978

அன்புள்ள மருதாயிக்கு,

பழனிவேல் எழுதிக்கொண்டது. நானும் பிள்ளைகள் மூவரும் இங்கே சுகமாக இருக்கிறோம். உனக்குத் தலைசுற்றல் குறைந்ததா, ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாய்க்கு ஒத்துக்கொள்கிறதா என்று இரண்டு வரி எழுதிப் போடு. எழுத முடியாவிட்டால் உன் அண்ணனை எழுதச் சொல்.

உன் அண்ணன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்துவிட்டு வியாழக்கிழமை காலையில்தான் வீடு வந்து சேர்ந்தேன். தீபாவளிக்கு மறுநாள் குழாயடியில் நீ குடத்தோடு விழுந்ததைத் தெருவே இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது. கண் பட்டுவிட்டது என்கிறார்கள். டாக்டரம்மா என்னடாவென்றால் உடம்பில் பாதி ரத்தம்தான் இருக்கிறது என்கிறார். உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, நீ மயக்கத்தில் கிடந்தாய். வீட்டில் என்ன சாப்பிடுகிறாள் என்று அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்க சாப்பிடறதத்தாங்க அவளும் சாப்பிடறா, எங்க வூட்டுல சோத்துக்குப் பஞ்சம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவரும் சரியென்று எழுதிக்கொண்டார்.

இந்த மாதச் சாமான் வாங்கியாயிற்று. நீ சீட்டு எழுதிக் கொடுக்காமல் போய்விட்டாய். போனால் என்ன, பதினாலு வருஷமாக மண்டியில் தராசு பிடிக்கிறவனுக்கு ஒரு வீட்டுச் சாமான் வாங்கத் தெரியாதா? அதே முத்துசாமி கடைதான், நான் உன் கையில் கொடுக்கும் அதே நூற்று இருபது ரூபாய்தான். மாதாமாதம் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் என் முன்னால் வந்து நின்று, ஒரு அஞ்சு ரூபா இருந்தா குடுங்க என்பாயே, இந்த மாதம் யார் யாரிடம் கேட்கிறார்கள் பார்ப்போம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று அப்பளம் ஒரு கட்டுகூட வாங்கியிருக்கிறேன்.

சமையல் உண்ணாமலைதான். பன்னிரண்டு வயதில் அவளுக்கு வந்திருக்கும் கைப்பக்குவம் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. சாயங்காலம் சோறு வடிப்பது, மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையது, மத்தியானத்துக்குக் கம்பங்கூழ், எல்லாம் நீ வைத்திருந்த முறைப்படியே நடக்கிறது. ஒன்றை மட்டும் நான் திருத்தினேன். தினம் அந்தப் பால்டப்பாவால் மூன்று டப்பா அரிசி போடுவாயாம். ஐந்து பேருக்கு மூன்று டப்பா என்றால், நீ இல்லாத இந்த நாளில் நாலு பேருக்கு எதற்கு மூன்று? கணக்குப் பார்த்தால் இரண்டரையே அதிகம். தாராளமாக இரண்டரை போடச் சொல்லியிருக்கிறேன். தினம் அரை டப்பா மிச்சம். நீ வரும்போது பானை நிறைய அரிசி காட்டுகிறேன், அப்புறம் பேசு.

குழந்தைவேல் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறான். தர்மன் முதல் இரண்டு நாள் உன் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கினான். இப்போது பரவாயில்லை. நீ எதையும் நினைத்துக் குழம்பாமல் ஊசியைப் போட்டுக்கொண்டு படு. கூடவே இருந்து உன்னைப் பார்த்துக்கொள்ளும் உன் தங்கச்சி சாந்தாவுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

உன் நலம் விரும்பும்
பழனிவேல்


அரியலூர்
19-11-1978

அன்புள்ள மருதாயிக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு வரி எழுதி அதில் மூன்று வரி, இங்கே செலவாகிறது நான் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வந்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாய். முப்பது ஊசி என்றால் முப்பதும் போட்டாக வேண்டும். டாக்டரம்மா போ என்று சொல்லாமல் அந்தக் கட்டிலை விட்டு இறங்காதே.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மண்டிக்கு வரும் கடலையெல்லாம் ஈரம். எடை போட்டால் விவசாயிக்குச் சிரிப்பு, முதலாளிக்கு வயிற்றெரிச்சல், நடுவில் எனக்குத் திட்டு. அது கிடக்கட்டும்.

ஒரு கூத்து நடந்துவிட்டது. நீ சிரிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். இரண்டரை டப்பா சோறு போதவில்லை. குழந்தைவேல் இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டுகிறான், சட்டியில் இல்லை. காலையில் தண்ணீர் ஊற்றிய சட்டியைத் திறந்தால் தண்ணீர்தான் நிற்கிறது, சோற்றைத் தேட வேண்டியிருக்கிறது. என் கணக்குத் தப்பாது. அப்படியென்றால் அரிசி குறைய வேண்டும், அரிசி குறைந்தால் கடைக்காரன் எடையில் கை வைத்திருக்க வேண்டும். நம்மிடமேயா என்று எனக்கு வந்ததே கோபம். முத்துசாமி கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போதே, தராசு பிடிக்கிறவன்கிட்டயே எடையில விளையாடுறியா என்று கேட்டுவிட்டேன்.  பத்து கிலோ அரிசியைப் பையில் கட்டிக் கொடுத்து, உங்க மண்டித் தராசுலயே போட்டுப் பாருங்கண்ணே என்றான்.

போட்டுப் பார்த்தேன். பத்து கிலோவும் ஐம்பது கிராமும் இருந்தது. மண்டியே சிரித்தது. சாயங்காலம் போய் அவனிடம் தப்பு என்மேல்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல மனுஷன், வெற்றிலை கொடுத்து அனுப்பினான்.

பிறகு மறுபடி உன் மூன்று டப்பாவுக்கே வந்துவிட்டோம். போட்ட அன்றே எல்லாம் சரியாகிவிட்டது. எனக்கும் பையன்களுக்கும் வயிறு நிறைகிறது, காலையில் பழையதும் இருக்கிறது. உண்ணாமலை அப்படியே உன் அச்சு. எங்களை உட்காரவைத்துப் பரிமாறிவிட்டுத்தான் அவள் சாப்பிடுகிறாள். ஒரு பருக்கை வீணாவதில்லை. பாத்திரம் மட்டும் நான் கழுவுகிறேன், பிள்ளை எத்தனை வேலைதான் செய்யும்? காலையில் எழுந்து மூன்று தட்டையும் சட்டியையும் குழாயடியில் போட்டால் ஒரு பீடி அணைவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. இதற்குத்தானா நீ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாய் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. மூன்று டப்பா நாலு பேருக்குத்தான் சரியாக வருகிறது. நீ அதே மூன்று டப்பாவை ஐந்து பேருக்கு எப்படிப் போட்டாய்? கையில் ஏதாவது வித்தை வைத்திருக்கிறாயா? மறைக்காமல் எழுது, உண்ணாமலைக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். இன்று தேதி பத்தொன்பதுதான், எண்ணெய் தீர்ந்துவிட்டது. அப்பளம் வாங்கியிருக்கக் கூடாது.

இந்த வாரம் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது என்று உன் அண்ணன் கார்டு போட்டிருந்தார். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மனசு நிலைக்கு வந்தது.

உன்
பழனிவேல்


அரியலூர்
3-12-1978

அன்புள்ள மருதாயி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அதெல்லாம் உங்களுக்கு வராது, விடுங்க என்று எழுதியிருந்தாய். நானும் பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

வியாழக்கிழமை காலையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தர்மன் பக்கத்தில் குந்தியிருந்தான். பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் எண்ணச் சொல்லிக்கொடுக்கிறார்கள், கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிறான். தட்டுகளைத் தொட்டுத் தொட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்றான். எண்ணிவிட்டு, அக்கா தட்ட மட்டும் ஏம்ப்பா நீ கழுவறதே இல்ல என்று கேட்டான்.

உள்ளே போய்ப் பார்த்தேன். நாலாவது தட்டு பலகையில் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. அதில் ஈரம்கூட இல்லை, விரலால் தொட்டால் தூசி. இத்தனை நாள் மூன்று தட்டைக் கழுவிவிட்டு வேலை சீக்கிரம் முடிகிறது என்று சந்தோஷப்பட்டவன் நான்தான் மருதாயி. தொழில் எடை போடுவது, வீட்டில் நாலு தட்டை எண்ணத் தெரியவில்லை.

உண்ணாமலையைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, நான் சட்டியிலயே சாப்பிட்டுக்குவேன்ப்பா என்றாள். சட்டியில் எவ்வளவு இருக்கும் என்றேன். ஒட்டிக்கிட்டிருக்கறது இருக்கும், வடிச்ச கஞ்சிய ஊத்தி உப்புப் போட்டுக் குடிச்சா நெறைஞ்சுடும் என்றாள். அம்மா உன்னிடம் அப்படிச் செய்யச் சொன்னாளா என்று கேட்டேன். இல்லப்பா, அம்மா அப்படித்தான் சாப்பிடும், நான் பாத்திருக்கேன் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தமே இல்லை. கோலம் போடக் கற்றுக்கொண்ட மாதிரி சாதாரணமாகச் சொல்கிறாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மண்டிக்குப் போனேனே தவிர வேலை ஓடவில்லை. ஒரு மூட்டையை இரண்டு தடவை எடை போட்டு முதலாளியிடம் பேச்சு வாங்கினேன். நீ அளந்து போட்டபோதும் மூன்று டப்பா நாலு பேருக்குத்தான் சரியாக இருந்திருக்கிறது; உண்ணாமலை எங்கள் மூவருக்கும் கேட்கக் கேட்கப் போட்டதில் அவள் பங்கும் தீர்ந்திருக்கிறது. நான் நினைத்த அந்த ஐந்தாவது ஆள் கணக்கிலேயே இல்லை. நான் சாப்பிட்டு எழுந்து வெளியே போய்விடுவேன், பிள்ளைகள் படுத்துவிடும், அதற்கு அப்புறம் நீ சாப்பிட்டாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றியதில்லை. ஐந்து ரூபாய்க்கு உன்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவன், மண்டி வாசலில் இரண்டு வேளை டீயும் வடையும் தின்ற காசை ஒருநாளாவது வீட்டுச் செலவில் சேர்த்தேனா? அந்த வடைக் காசை அரிசியாக்கினால் தினம் ஒரு டப்பா வரும். முத்துசாமியிடம் விலை கேட்டே பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு டப்பா போடச் சொன்னேன். சோற்றுச் சட்டியை நடுவில் வைத்து எல்லோரையும் உட்காரச் சொல்லி நானே பரிமாறினேன். உண்ணாமலை உட்காரவே மாட்டேன் என்றாள், கையைப் பிடித்து உட்காரவைத்தேன். முதல் கரண்டி அவளுக்குப் போட்டேன். நாளைக்கு நீ வந்தால் ஐந்து பேர் இப்படித்தானே உட்கார வேண்டும் என்று, உன் தட்டையும் எடுத்துவைக்கலாமென்று பலகையில் தேடினேன். காணவில்லை. அம்மா தட்டு எங்கே என்று கேட்டேன். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். குழந்தைவேல்தான், அம்மாவுக்குத் தட்டு ஏதுப்பா என்றான்.

நாம் ஐந்து பேர், வீட்டில் தட்டு நாலுதான்.  பிள்ளைகளுக்கு எதிரில் எழுந்துகொள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இனி நான் சொல்வதைக் கேள். வடையை நிறுத்திவிட்டேன். டீ காலையில் ஒன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டியில் சாக்குத் தைக்கும் வேலை கேட்டிருக்கிறேன், கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடலையும் வெல்லமும் முருங்கைக்கீரையும் சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதாக உன் அண்ணன் எழுதியிருந்தார். மண்டியிலேயே நல்ல கடலையாக வாங்கி வைத்திருக்கிறேன். உண்ணாமலைக்கும் தினம் ஒரு கை கொடுக்கிறேன், என் முன்னாலேயே தின்ன வேண்டும்.

டாக்டரம்மாவிடம் நான் அன்று சொன்னது பொய். தெரிந்து சொல்லவில்லை, ஆனாலும் பொய்தான். அவர் எழுதி வைத்த சீட்டில் அது அப்படியே இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் வந்து நானே அவர் எதிரில் நின்று சொல்லப் போகிறேன். அவர் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். அப்போது நீ குறுக்கே புகுந்து, அவரு ஒண்ணும் பண்ணலங்க என்று சொல்லிக் கெடுத்துவிடாதே.

சைக்கிள் டயருக்கு என்று முதலாளி கொடுத்த தீபாவளிப் பணத்தை எடுத்து வைத்திருந்தேன் இல்லையா, நேற்று அதைக் கொண்டுபோய் கடைவீதியில் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கினேன். பேர் வெட்டிக் கொடுக்கச் சொன்னேன். கடைக்காரர் என்ன பேர் என்றார், மருதாயி என்றேன். வாங்கிக் குடுக்கறவங்க பேரு முன்னால வேணாங்களா என்று கேட்டார். சாப்பிடறவங்க பேரு இருந்தா போதுங்க என்று சொல்லிவிட்டேன். புள்ளி புள்ளியாக நன்றாக வெட்டியிருக்கிறார். உண்ணாமலை அதை மூன்று தடவை எழுத்துக்கூட்டி வாசித்தாள். தர்மன், அஞ்சு என்று எண்ணிவிட்டு ஓடினான். குழந்தைவேல் ஒரு தடவை அதில் சாப்பிடட்டுமா என்று கேட்டான், நான் கொடுக்கவில்லை.

உடம்பு நன்றாகத் தேறி, மிச்சமிருக்கும் ஊசி எல்லாம் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வா. அவசரப்படாதே, வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் வந்த அன்றைக்கு நீதான் முதலில் உட்கார வேண்டும், நான்தான் போடுவேன். போதும் என்று நீ சொன்னால் இனிமேல் நான் நம்ப மாட்டேன்.

உன்
பழனிவேல்