உறை பிரிக்காத விமானம்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. மூக்குக் கண்ணாடிகளுக்குத் திருகாணி மாற்றுவதிலேயே பொழுது போனது. மத்தியானம் அவரிடமிருந்து செய்தி. அவர் என்ன அவர்? வேறொருத்தியோடு குடியேறிய பிறகும் என் கை மரியாதை கொடுக்கிறது. இங்கேயாவது இனி அவன்தான்.

அலமாரி மேலிருக்கும் விமானப் பெட்டி மட்டும் வேண்டுமாம். ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு வருகிறானாம். அதுவரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

தொடாமல்! கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. எனக்கும் முந்திப் பிறந்த பிளாஸ்டிக் விமானம் அது. இரண்டடுக்கு இறக்கை, உள்ளங்கை அளவு. துண்டு துண்டாக இருக்கும், நாம்தான் ஒட்டிச் செய்ய வேண்டும். அவன் பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரித்ததில்லை. இறக்கி, தூசி தட்டி, காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேலே வைப்பான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தான். வீடு திரும்பினால் பெட்டி பளபளவென்று இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

பிரித்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

மிதித்து நொறுக்கத்தான் எடுத்தேன். அப்புறம் யோசித்தேன். நொறுக்கினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒட்டிவிட்டால்? உறை பிரிக்காத பழைய பெட்டி சேர்க்கிறவனுக்கு அதைவிடப் பெரிய அடி உண்டா? அவன் வரும்போது மேசை மேல் முழு விமானமாக நிற்க வேண்டும். அவன் முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டும். அது போதும் எனக்கு.

உறையின் அடிமடிப்பை மட்டும் மெல்லிய பிளேடால் எடுத்திருந்தேன். ஏன் அவ்வளவு பதவிசு? கடைப் பழக்கம்.

உடம்பின் இரண்டு பாதிகளை ஒட்டினேன். பசை வழிந்து என் கட்டைவிரல் ரேகை பிளாஸ்டிக்கில் பதிந்துவிட்டது. இருக்கட்டும். யார் செய்தார்கள் என்று தெரிய வேண்டாமா?

மார்ச் 14, சனி

அவசரக் குடுக்கை நான். வண்ணம் அடிக்கும் முன்னே மேல் இறக்கையை ஒட்டித் தொலைத்தேன். இப்போது இரண்டு இறக்கைக்கும் நடுவே தூரிகை நுழைய மாட்டேன் என்கிறது. பிரித்தெடுக்கும்போது இறக்கைகளைத் தாங்கும் கால் ஒன்று முறிந்தது. பழைய கண்ணாடிச் சட்டத்தின் கம்பியை அறுத்து அந்த இடத்தில் வைத்தேன்.

அக்கா வந்திருந்தாள். சும்மா நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவன் வேலையை நீ எதுக்குடி செஞ்சிட்டிருக்க?"

சுருக்கென்றது. அவன் வேலையில்லை, அவன் வயிற்றெரிச்சலுக்குச் செய்கிறேன் என்றேன். அவள் காப்பி போடப் போய்விட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

இறக்கையில் ஒட்டும் வட்டப் படங்கள் பழுப்பேறிக் கிடந்தன. கைபேசியில் யாரோ சொன்னபடி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினேன், வெளுத்துவிட்டன. தாளிலிருந்து கழன்று வரட்டும் என்று சந்தோஷமாக முதல் படத்தைத் தண்ணீரில் போட்டால் தவிடு மாதிரி உதிர்கிறது. சனியன்! மீதிக்கு மேலே வார்னிஷ் பூசிக் காயவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 4, சனி

இறக்கைகளுக்கு நடுவே குறுக்குக் கம்பிகள். துண்டுகளைக் கழற்றியபின் மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தால் தலைமுடி போல நூல் வருகிறது. அதை ஒட்டிவிட்டு, பக்கத்தில் சூடு காட்டினால் தானே விறைத்துக்கொள்ளும். ஒரு கணம் கூடினால் அறுந்துவிடும்.

அவனையே நினைத்துக்கொண்டு இழுத்ததெல்லாம் அறுந்தது. அவன் நினைப்பை வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்தினேன், வரிசையாக நின்றன. மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. வேலை நேரத்தில் மட்டும் அவனுக்கு விடுமுறை.

ஏப்ரல் 11, சனி

முடிந்தது. அழகாக இருக்கிறது. சொன்னால் என்ன, அழகாகத்தான் இருக்கிறது.

நாளை வருகிறான். பார்ப்பான், கத்துவான், கடைசியில் என் பொருள் என்று தூக்கிக்கொண்டு போய்விடுவானே? இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை? என் ரேகை பதிந்த உடம்பு அது. அவன் விரல் இதன்மேல் படக்கூடாது. படவிடமாட்டேன்.

அவனுக்குப் பெட்டிதானே வேண்டும்? பெட்டியே போகட்டும். மிஞ்சிய சட்டங்களை உள்ளே போட்டுக் குலுக்கினேன். சத்தம் போதவில்லை. கடையில் கழித்துப்போட்ட மூக்குக் கண்ணாடிக் கால்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அதே சத்தம் வந்துவிட்டது. உறையை மடித்து, லேசாகச் சூடுகாட்டி ஒட்டினேன். திறக்கவா போகிறான்? சாகும்வரை குலுக்கிக்கொண்டிருக்கட்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வந்தான். விமானம் படுக்கையறையில், கதவு சாத்தி. பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கினான். சிரித்தான்.

"உன்னைத் தவிர வேற யாரும் இப்படிப் பத்திரமா வச்சிருக்கமாட்டாங்க. ரொம்ப தேங்க்ஸ்."

குடித்தனம் நடத்திய காலமெல்லாம் ஒரு நன்றி கேட்டதில்லை இந்த வாயிலிருந்து. கேட்டது இன்றுதான், கழித்துப்போட்ட கண்ணாடிக் கால்களுக்கு. அவன் தெருமுனை தாண்டியதும் சிரிக்கலாம் என்றிருந்தேன். அழுகைதான் வந்தது. ஆத்திர அழுகை.

ஜூன் 17, புதன்

கடையில் இருக்கும்போது கூப்பிட்டான். சுற்றி வளைக்கவில்லை.

"பெட்டியைத் திறந்தேன்."

அவன் கத்தவில்லை. அந்தப் பெண் போய்விட்டாளாம். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லையாம். சரி, இதையாவது செய்யலாம் என்று உறையைக் கிழித்தானாம். தானே செய்ய வேண்டும் என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தானாம். உள்ளே கண்ணாடிக் கால்களைப் பார்த்ததும், விமானத்தை நான் செய்துவிட்டேன் என்று புரிந்துவிட்டதாம்.

பிறகு கேட்டான்: "கம்பியெல்லாம் இழுத்தியா?"

"எல்லாம் இழுத்தேன். ஒண்ணுகூடத் தொய்யல."

"ஒரே ஒரு தடவை வந்து பார்க்கட்டுமா? தொடமாட்டேன்."

"வேண்டாங்க," என்றேன். வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரலில்தான் சொன்னேன். வைத்துவிட்டேன்.

மனசு குளிர்ந்ததா? குளிர்ந்தது. பொய் சொல்வானேன்? அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் சிரிப்பாள், பிறகு அவன் பாவம் என்பாள். அந்தச் சொல்லை இன்றைக்குக் கேட்க எனக்கு இஷ்டமில்லை.