வழுவழுவென்று போட்ட வாய்க்கால்

பீர்மேடு

அன்புள்ள கௌலத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? நம் குட்டி நஜ்லா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போனில் சொன்னால் சிரித்தே மானத்தை வாங்குவாய் என்று எழுதுகிறேன். எஸ்டேட் சரிவில் மழை மண்ணை அரிக்காமலிருக்கக் கல் பதித்து வாய்க்கால் கட்டுகிறோம். கல் கரடுமுரடாக இருந்தால்தான் தண்ணீர் தட்டித் தடுமாறி மெதுவாக இறங்கும் என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொன்னார். நம்மூர் சித்தூர் முழுக்க வீட்டுத்தரை போட்ட கை கேட்குமா? கல்யாண மண்டபம் போல வழுவழுவென்று பதித்துவிட்டேன். முதல் மழையிலேயே தண்ணீர் பிரேக் இல்லாத ஜீப் மாதிரி பாய்ந்து, கீழே தொழிலாளர் லயத்து வீட்டில் இருக்கும் சாந்தம்மாளின் பீன்ஸ் பாத்தியை அள்ளிக்கொண்டு போனது.

வேலை போச்சு என்றே நினைத்தேன். மறுநாள் காலை அந்த அம்மா என் அறை வாசலில் வந்து நின்று சிரித்தார்.

"என்ன பாய், தண்ணி சறுக்கி வெளையாடவா கட்டுனீக?"

கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சூப்பர்வைசர்கிட்ட நான் மூச்சு விடல. வாங்க, எல்லாருமாப் பிரிச்சுப் போடுவம்."

லயமே வந்து கல் சுமந்தது; இந்த முறை கரடுமுரடாகவே பதித்தேன். நேற்றைய மழைக்கு அந்த அம்மாவின் புது நாற்று ஒன்றுகூடச் சாயவில்லை.

உன் தம்பி ஃபிரோஸ் இந்தப் பக்கம் வந்தால் சாந்தம்மாளுக்கு நல்ல அவரை விதை கொடுத்தனுப்பு. எனக்கு ஒரு போர்வை. புதிது வேண்டாம், நீ போர்த்துகிறதே போதும்.

வேலைக்கு ஜீப் வந்துவிட்டது. அந்த அம்மாவிடம் ஒன்று மட்டும் நான் சொல்லவே இல்லை. அவர் வாசலில் நின்று சிரித்தபோது, ஊருக்குக் கிளம்ப என் பை கதவுக்குப் பின்னால் கட்டித் தயாராக இருந்தது.

உன் அலியார்