இறுகும் வரிசை, இளகும் வரிசை

ஜூலை 8, திங்கள்

காலையில் சாரல். பத்து மணிக்கு நின்றது. துவைத்தது: வேட்டி 1, துண்டு 2.

அக்காவின் ஸ்வெட்டர் கை தவிர முடிந்தது. முன்பக்கம், முதுகு, தோள், எல்லாம் சேர்த்தாயிற்று. நேற்று கழுத்தைச் சுற்றி விளிம்பும் போட்டேன். கொக்கி ஊசியும் பச்சைக் கம்பளியும், கூடவே ஒரு சின்னப் புத்தகம். எழுத்துக் கூட்டிப் படித்தேன், படித்ததைக் கை செய்தது. அறுபத்தொன்பது வயதில் இப்படி ஒரு சந்தோஷம். தாளில் இருந்தது கம்பளியாக வந்து மடியில் கிடக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. முதியோர் எழுத்து வகுப்பு மே மாதத்தோடு முடிந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் எந்தெந்தத் தெருவோ. அதனால் இங்கே எழுதுகிறேன். இவ்வளவு எழுத முக்கால் மணி நேரம்.

21 ஞாயிறு அக்கா பொன்முடி தேயிலைத் தோட்டத்து லயத்தைவிட்டுப் போகிறாள். மகன் ராஜன் குன்னூருக்குக் கூட்டிப் போகிறான். இங்கே தம்பானூர் ஸ்டேஷனில் ரயில். அதற்குள் கொடுத்துவிட வேண்டும். அங்கே குளிர் இன்னும் அதிகமாம். எனக்குச் சொந்தம் என்று அவள் ஒருத்திதான். நானே பின்னித் தருகிறேன் என்று போனில் சொன்னபோது, "ஏல, நீயா? சாக்கு தைக்கிறவனா?" என்று சிரித்தாள். பிறகு இருமல்.

அக்காவுக்கும் எனக்கும் ஒரே தோள் அகலம். போட்டுப் பார்க்கலாம்.

(மத்தியானத்துக்குப் பிறகு எழுதியது)

போட்டுப் பார்த்தேன். இரண்டு கையும் மேலே போயின. தலை கழுத்தில் வந்து நின்றுவிட்டது. உச்சந்தலை வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. மேலேயும் போகவில்லை, கீழே இழுக்கக் கையும் வரவில்லை. இருட்டு. வாயில் கம்பளிப் பிசிறு. கட்டிலில் உட்கார்ந்தேன். தண்ணீர் லாரி வந்து, எல்லாரும் பிடித்து, லாரி போயும் விட்டது. கதவுக்குத் தாழ் போடவில்லை. ஆனால் தெருவுக்கு இப்படி எப்படிப் போவது? யாராவது தற்செயலாகத் தட்டுவார்கள் என்று இருந்தேன். யார் தட்டப் போகிறார்கள்.

கடைசியில் தோளால் சுவரை இடித்தேன். பக்கத்து அறை சரசம்மை, லாட்டரிச் சீட்டு விற்கிறவள், சோறு தின்ன வந்திருந்தாள். ஆறு வருடமாகப் பக்கத்து அறை. மழையைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறோம்.

"எந்தா அண்ணாச்சி, விழுந்தீங்களா?"

"இல்ல. உள்ள வா."

வந்தாள்.

"ஐயோ தெய்வமே. தலை எங்க?"

"உள்ளதான் இருக்கு. இழு."

அசையவில்லை. "கத்திரி எடுக்கட்டே?"

"வெட்டாதே!" அவ்வளவு சத்தமாக நான் பேசி எத்தனையோ நாள்.

கட்டிலில் ஒரு காலை ஊன்றி இழுத்தாள். வந்துவிட்டது. காது இரண்டும் எரிந்தன. ஸ்வெட்டரைத் தரையில் வைத்தாள். அது விழவில்லை. தானாக நின்றது.

"அண்ணாச்சி, இதில அரை மூட்டை அரிசி நிறைக்கலாம் கேட்டோ."

சிரித்தோம். இந்த அறையில் இரண்டு பேர் சிரித்தது இன்றுதான்.

ஜூலை 9, செவ்வாய்

வெயில். காரணம் தெரிந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருடம் அரிசி மூட்டை தைத்த கை. ஒரு குத்துக்கு ஒரு இழுப்பு. ஒரு மணி சிந்தினாலும் முதலாளியின் சத்தம். மூட்டையில் ரொம்ப இறுக்க வேண்டிய இடம் வாய். ஸ்வெட்டருக்கும் வாயைக் கட்டிவிட்டேன்.

புத்தகத்தில் 6ஆம் பக்கம்: நூலை இழுக்க வேண்டாம், கண்ணி ஊசியில் தானாக நகர வேண்டும். படித்த வரிதான். மற்றவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துவிட்டேன்.

செய்ய வேண்டியது:
கழுத்து, அவிழ்.
முன்பக்கம், முழுதும் அவிழ். இரண்டு பாதியாகப் போட்டு நடுவில் பொத்தான். தலை நுழைய வேண்டாம்.
முதுகு, இருக்கட்டும். காற்றுப் புகாது.
கை 2.
நாள் 12.

அவிழ்த்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடக்கிறது. எதிரே ஒருவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அதில் சுற்ற வேண்டும் என்று படம் போட்டிருக்கிறது. நாற்காலியைக் கவிழ்த்து அதன் காலில் சுற்றினேன்.

ஜூலை 11, வியாழன்

முழுநாளும் மழை. இடது பாதி. 8 வரிசை போட்டேன். இறுக்கம், ஊசி நுழையவில்லை. அவிழ்த்தேன். மறுபடி 8. அதே. பெரிய ஊசி வாங்கிப் பார்த்தேன். அதையும் நெரித்துப் பிடிக்கிறது. இளக்கமாக, இளக்கமாக என்று நினைக்க நினைக்கக் கை இன்னும் இழுக்கிறது. மத்தியானம் சாப்பிட மறந்தேன். இன்று யாரோடும் பேசவில்லை.

நாள் 10.

ஜூலை 12, வெள்ளி

சாயந்திரம் சரசம்மை வந்தாள். சீட்டெல்லாம் நனைந்துவிட்டதாம், என் மின்விசிறிக்குக் கீழே காயப்போட வேண்டுமாம். தரை முழுக்கச் சீட்டு. காயும்வரை பேசினாள். துபாயிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டாளாம். "பிள்ளையைக் காட்டு மோளேன்னு சொன்னா, புது ஃப்ரிட்ஜைக் காட்டுறா அண்ணாச்சி. அதும் திறந்து காட்டுறா." கேட்டுக்கொண்டே பின்னினேன்.

அவள் போன பிறகும் கொஞ்சம் போட்டேன். விரித்துப் பார்த்தேன். (வ. என்றால் வரிசை.)

வ. 1 முதல் 8: பலகை.
வ. 9 முதல் 17: துண்டு மாதிரி மடிகிறது.
வ. 18, 19: மறுபடி பலகை.

9 முதல் 17 வரை அவள் இருந்தாள். மூன்று தடவை எண்ணினேன். சந்தேகம் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

மேகம், மழை இல்லை. சனிக்கிழமை முதல் ஆரியசாலை முக்கில், சரசம்மையின் சீட்டுப் பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். கேட்கத் தயக்கமாக இருந்தது. கேட்டேன். "இருங்க. வேடிக்கை பார்க்க ஆளு கூடினா எனக்கு நல்லதல்லே."

கூடுகிறது. என்னோடு வேலை பார்த்த, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரன் தாசன் இன்று வந்து நின்றான்.

"மாடசாமி அண்ணாச்சி, அரிசிக்கு இப்ப குளிருதோ?"

"வா, உனக்க வாய்க்கு ஒண்ணு தைக்கிறேன்."

"இறுக்கித் தைங்க அண்ணாச்சி, இறுக்கி," என்றாள் சரசம்மை.

இரண்டு பாதியும் முடிந்தன. பழைய பலகை வரிசைகளையும் அவிழ்த்துப் புதிதாகப் போட்டாயிற்று, எல்லாம் இளக்கம். சீட்டு வாங்க வந்த ஒரு அம்மாள் தொட்டுப் பார்த்து, "கடையில வாங்கினதா?" என்று கேட்டாள். மறக்கக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

மூன்று மணிக்குச் சரசம்மை பலகையை மடக்கிவிடுவாள். நானும் எடுத்து வைத்துவிடுகிறேன். அதற்குமேல் போட்டால் அவிழ்க்கத்தான் வேண்டும்.

ஜூலை 20, சனி

கனமழை. சரசம்மை ஆற்றிங்கல் போய்விட்டாள், அண்ணன் மகளுக்கு நிச்சயம். வலது கை நேற்றே முடிந்து தைத்தாயிற்று. பொத்தான் 5.

இடது கை: போட்டது 3 தடவை, அவிழ்த்தது 3 தடவை. ஸ்டூலை எடுத்துக்கொண்டு முக்குக்குப் போய்ப் பார்த்தேன். கடைகள் சாத்தியிருந்தன. குடைக்குள் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நாளைக்கு ரயில். ஒரு கைதான் இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

ஸ்டேஷன். வண்டி முன்னாலேயே நின்றது. அக்கா ஜன்னல் ஓரம். ராஜன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏல மாடா, மெலிஞ்சு போயிட்டியே."

உள்ளே ஏறிப் பையைக் கொடுத்தேன். விரித்தாள். சிரிக்கவில்லை. சேலைக்கு மேலேயே போட்டாள். வலது கை மணிக்கட்டு வரை சரியாக வந்தது. பொத்தான் ஐந்தையும் மாட்டினாள்.

"வேர்க்கும்மா, கழட்டு," என்றான் ராஜன்.

"நீ சும்மா இருல." இடது தோளைத் தடவிப் பார்த்தாள். "இந்தக் கை எங்க?"

"முடியல அக்கா. தபால்ல அனுப்புதேன்."

"தபால்லயா? பொறவு யாரு தச்சுத் தருவா? இவனா?"

ராஜன் என்னை இறங்கச் சொன்னான். வண்டி ஊதிவிட்டது. ஜன்னலுக்கு வந்தேன்.

"கையைக் கொண்டு வா. வந்து இருந்து தச்சிட்டுப் போ. அதுவரைக்கும் இப்படியேதான் போடுவேன். ஒத்தக் கைக்காரி யாருன்னு ஊரு கேக்கட்டும்."

நகர்ந்தது. கம்பளி போட்ட கையை ஆட்டினாளா, போடாத கையையா, இப்போது ஞாபகம் வரவில்லை.

அறைக்கு வந்து வெறும் சோறும் மோரும்.

ஜூலை 22, திங்கள்

மழை. சரசம்மை இன்னும் வரவில்லை. இடது கை. 36 கண்ணி. இறுக்கம். அவிழ்த்தேன்.

கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுப் பேசிப் பார்த்தேன். "அக்கா, அங்க வெந்நீர் கிடைக்குதா? ராஜனுக்க பொண்டாட்டி எப்படி? இருமல் உண்டா? குன்னூருக்கு எங்க இறங்கணும்?" அவள் பதில் சொல்லும் நேரம் விட்டு, அடுத்ததைக் கேட்டேன்.

ஆறு வரிசை. ஊசி நுழைகிறது.