சப்பாத்தியும் நாட்டுச்சர்க்கரையும்

அன்புள்ள பிரியா அம்மணிக்கு,

நீ சுகம்தானே? மகள் வர்ஷினிக்குச் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

லூதியானா வந்ததிலிருந்து எனக்கு உடம்பில் தடிப்பு, உதட்டில் அரிப்பு. மில்லின் பஞ்சுத் தூசிதான் காரணம் என்று நினைத்தேன். எதற்கும் தூசியையே பழிக்கும் பல்லடத்துத் தறிக்காரன் புத்தி! தூசிக்கு நல்லதென்று நாட்டுச்சர்க்கரையைத் தினமும் சப்பாத்தியில் சுருட்டித் தின்றேன்.

ஞாயிறன்று மில் லீவு, தூசியே இல்லை. ஆனால் சப்பாத்தி தின்ற அரைமணியில் முகம் வீங்கி மூச்சு இழுத்தது. அறைத்தோழன் மனோஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஊசி போட்டதும் சரியானது. சோதித்துப் பார்த்த டாக்டர், கோதுமை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றார்.

அங்கே படுத்திருக்கும்போது வர்ஷினிதான் கண்ணுக்குள் நின்றாள். போன லீவில் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கித் தந்தேனே. "வாயெல்லாம் அரிக்குதுங்கப்பா" என்று அழுதாள். "சாக்குச் சொல்லாத" என்று முதுகில் ஒன்று வைத்து, மிச்சத்தையும் தின்ன வைத்தேன்.

இனி அவளுக்குப் பன், பிஸ்கட், ரவை என்று கோதுமையில் செய்தது எதுவும் கொடுக்காதே. நாளைக்கே டாக்டரிடம் காட்டு. எனக்கு ராகி மாவும், நீ வறுத்து அரைக்கும் பருப்புப் பொடியும் அனுப்பு. தனியாகச் சமைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. இந்த வரியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டு: "நீ சொன்னது நெசந்தானுங் கண்ணு. அப்பாவுக்கும் வாயெல்லாம் அரிச்சுது."

லோகநாதன்